ஐந்துக்கு ஒன்று

நான் ஆடுவதில்லை. சீட்டுப் போடுகிறேன்.
வின்னமக்காவில், நெடுஞ்சாலை எண்பதின் ஓரம்,
சூதாட்ட விடுதியின் பின்கட்டில்
ஒரே ஒரு போக்கர் மேசை.
நடுவில் குவிவதை எண்ணுவது என் கண்.
எண்ணியதைச் சொல்லாமல் இருக்கத்தான் சம்பளம்.

செவ்வாய் இரவு.
பத்தரை மணிக்கு லைல் வாண்டர்மீர்
நூற்றிருபதைப் பிடிக்க அறுபதைத் தள்ளினார்.
அவர் காணாத சீட்டு நாற்பத்தாறு,
அவரைக் காப்பாற்றக் கூடியவை நான்கு.
பத்து மடங்குக்கு மேல் கேட்க வேண்டிய இடத்தில்
இரண்டு மடங்குக்குத் தலையாட்டிய மனிதர்.
நான் புரட்டியது
அந்த நான்கில் ஒன்று.

மேசையே எழுந்து முதுகில் தட்டியது.
"உள்ளே ஏதோ சொல்லிற்று" என்றார்.
எனக்கு இரண்டு டாலர் எறிந்தார்.
நன்றி சொன்னேன்.

ஏழாம் இருக்கையில் இதோயா உரியார்த்தே.
தங்கச் சுரங்கத்தில் வீடளவு லாரி ஓட்டுகிறவள்,
பகலெல்லாம் மலையை அள்ளிப்போய்
இன்னோர் இடத்தில் மலையாய்க் கொட்டுகிறவள்.
கணக்குப் போடும்போது உதடு அசையாது.
கட்டைவிரல் மட்டும்
சில்லின் விளிம்பில் பல் பல்லாக நகரும்.

நடுவில் நூற்று நாற்பது.
ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் நாலு, கிளாவர் ஒன்பது, டைமன் ரெண்டு.
வென்டெல் ப்ரோகாப் முப்பத்தைந்து வைத்தார்,
ரயில்வேயில் பிரேக் பிடித்தே ஓய்வு பெற்றவர்,
எதையும் முழுசாகத் தள்ளத் தெரியாது.

முப்பத்தைந்து கொடுத்தால் நூற்றெழுபத்தைந்து.
ஐந்துக்கு ஒன்று.
அவள் கையில் இரண்டு ஆட்டின், பலகையில் இரண்டு,
கட்டில் இன்னும் ஒன்பது.
ஒன்பது உதவும், முப்பத்தேழு உதவாது:
நாலுக்குக் கொஞ்சம் மேல்.
நாலு சொச்சம் கேட்கிற சரக்குக்கு
ஐந்து தருகிறார் கிழவர்.
வாங்காமல் போனால்தான் பாவம்.

வாங்கினாள்.
நான் புரட்டினேன்.
கிளாவர் மூன்று.

வென்டெல் மறுபடி ஐம்பது வைத்தார்.
அவள் ஆட்டின் ராணியையும் ஆறையும்
எல்லாரும் பார்க்க மலர்த்திப் போட்டு
கையை விட்டாள்.
"பாவம்" என்றது மேசை.
"இன்றைக்கு உனக்கு ராசியில்லை" என்றார் லைல்,
அதிர்ஷ்டத்தின் புது மாப்பிள்ளை.

அவள் சட்டைப்பையிலிருந்து
எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்து
ஒரு சரிக்குறி போட்டாள்.
சரிதான்.
சோற்றுப் பானையில் ஒரு பருக்கை போதும்,
இந்தப் பானையில்
ஆயிரம் பருக்கை நசுக்கினாலும்
வெந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது.

பன்னிரண்டு மணிக்கு எனக்கு இடைவேளை.
குளிர் பல்லுக்குள் இறங்குகிற வண்டி நிறுத்தத்தில்
இதோயா நெருப்பு கேட்டாள்.
லாரியின் முன்சீட்டில் போர்வை, போர்வைக்குள் நாய்.
பெல்ட்ஸா. பதின்மூன்று வயது.
வயிற்றில் கட்டி.
"ரீனோவில் அறுப்பார்களாம். இரண்டாயிரத்து அறுநூறு.
நாலில் ஒன்று பிழைக்குமாம்."

புகையை விட்டாள்.
"விலை தெரியும். வாய்ப்புத் தெரியும்.
நடுவில் எவ்வளவு இருக்கிறது?
நீ எண்ணிப் பழகிய ஆள்தானே."

பதினோரு வருஷமாக எண்ணுகிறேன்.
தவறியதில்லை; தவறினால் மேலே கேமரா இருக்கிறது.
கண்ணாடிக்குள் பார்த்தேன்.
நாய் என்னைப் பார்க்கவில்லை,
அவளுடைய சிகரெட் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தது,
அது அணைந்தால் அவள் உள்ளே வருவாள்
என்று அதற்குத் தெரியும்.

"பிழைத்தால் எத்தனை நாள்?" என்றேன்,
ஏதாவது எண் கிடைக்கட்டும் என்று.
"கேட்கவில்லை" என்றாள்.

வாயிலில் லாரி நின்றது.
வலப்பக்க விளக்கு துடித்தது.
ரீனோ வலப்பக்கம்.
அவள் வீடு இடம்.
ஆனால் இரவெல்லாம் திறந்திருக்கும் பெட்ரோல் பங்கும்
வலப்பக்கம்தான்.

உள்ளே அழைத்தார்கள்.
புதுக் கட்டைப் பிரித்துக் கலைக்கத் தொடங்கினேன்.