பதின்மூன்றரைப் பவுண்

களஞ்சியத்துத் தராசு
இருநூறு கிராமுக்குக் கீழே பொய் சொல்லும்.
ஆகவே நாலு பஃபரையும் சோற்றுப் பையில் சுற்றி,
பொறுப்பதிகாரி கையெழுத்திட்ட துண்டோடு
மத்திய வீதிக்கு நடந்தேன்,
நல்லரத்தினத்தின் நகைக்கடைக்கு.

கண்ணாடிப் பெட்டித் தராசில்
முதலாவதை வைத்தார். எண்பத்தைந்து கிராம்.
கை பழகிய கணக்கு அவருக்கு.
‘பத்தரைப் பவுணுக்குக் கொஞ்சம் மேல’ என்றார்.
அடுத்தது நூற்றெட்டு.
‘பதின்மூன்றரை. துல்லியம்.
எந்த மாப்பிள்ளைக்கு இது?’

மூன்று மாப்பிள்ளைகள், அண்ணை.
இருபது அங்குலக் குழல் ஒன்று.
அதற்கு வாலும் நீளம், பஃபரும் வேறு,
அதை நான் தொடுவதில்லை.
பதினாலரை ஒன்று.
பத்தரை அங்குலக் குட்டையன் ஒன்று,
எல்லாத் தலையிடியும் அவனால்தான்.

நீளக் குழலில் காஸ்
நடந்து களைத்து வந்து கதவைத் தட்டும்.
குட்டைக் குழலில் துளை வெடிக்குக் கிட்ட.
சூடு ஆறாமல் ஓடி வந்து
கதவை உதைக்கும்.
போல்ட் அவசரத்தில் பின்னுக்குப் பாய்ந்து
வெற்றுக் கோதைச் சரியாகப் பிடுங்கவும் மாட்டாது.
அதற்குத்தான் பாரம்:
கொஞ்சம் பொறு என்று நெஞ்சில் கை வைக்க.

மூன்றாவது நூற்று முப்பத்தொன்று.
‘பதினாறரைக்கு ஒரு கிராம் குறைய.’
நாலாவது நூற்றைம்பத்துமூன்று,
உள்ளே முழுக்க டங்ஸ்டன்.

அடகுச் சங்கிலி மீட்க வந்து
பற்றுச்சீட்டை நாலாய் மடித்தபடி நின்ற பெண்
கேட்காமலே ஒன்றை எடுத்து
காதோரம் குலுக்கினாள்.
கிலுக், கிலுக்.
‘உள்ளுக்க ஏதோ கழண்டு கிடக்கு.’

இல்லை அக்கா, அப்படித்தான் செய்தது.
உள்ளே மூன்று துண்டு, இடையில் ரப்பர் வில்லை.
வெளிக்கூடு வந்து முட்டி நின்ற பிறகு
உள்ளிருப்பது ஒரு கணம் பிந்தி வந்து முட்டும்.
அந்த இரண்டாம் முட்டுதான்
போல்ட்டைத் துள்ளாமல் அமர்த்தும்.

‘பிந்தி வந்து முட்டும்’ என்று
தனக்குள் ஒருமுறை சொன்னாள்.
எதன் பாகம் என்று கேட்கவில்லை.
தட்டில் திரும்ப வைத்துவிட்டு
முந்தானையில் கை துடைத்தாள்.

மறுநாள் சீனக்குடாப் பக்கத்துச் சுடுதிடல்.
பிரிவுகளுக்கிடையிலான போட்டிக்கு ஐந்து நாள்.
குறிமேட்டுக்குப் பின்னால் கடல்,
சோளகக் காற்றில் வாய் நிறைய மண்.
சார்ஜன்ட் ஹேவகே குட்டையனைத் தூக்கினார்.
எண்பத்தைந்தோடு
கோதுகள் ஒரு மணிப் பக்கம் பறந்தன,
அவரையே முந்திக் கடலுக்குப் போவதுபோல.

குட்டைக்கு ஆகக் கனமானது என்று நினைத்து
நூற்றைம்பத்துமூன்றைப் போட்டேன்.
என் பிழை.
பழைய தொகுதித் தோட்டா, வீரியம் குறைவு.
போல்ட் பாதிவழி வந்து திரும்பிவிட்டது.
கடைசிச் சுற்றுக்குப் பின் திறந்து நிற்கவில்லை.
ஹேவகே சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
எனக்கு விளங்காததுபோல் இருந்தேன்.

நூற்று முப்பத்தொன்று.
பத்துச் சுற்று.
நாலு மணிப் பக்கத்து எருக்கஞ்செடி அடியில்
கோதுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.
பத்தாவதோடு போல்ட் வாய்திறந்து நின்றது.
பதினாலரைக்கு நூற்றெட்டு,
முதல் தரமே சரி.

எருக்கடியில் குனிந்து பொறுக்கினேன்.
கணக்குக்குப் பத்து வேண்டும், ஒன்பதுதான் அகப்பட்டது.
மண்ணைக் கிளறும்போது
காதுக்குள் அந்தக் கிலுக்.
பத்தாவது என் சப்பாத்தின் கீழேயே இருந்தது,
இன்னும் சூடு ஆறாமல்.

பின்னேரம் பதிவேட்டோடு இணைக்க
நிறைச் சான்று ஒன்று தேவைப்பட்டது.
நல்லரத்தினம் பழக்கதோஷத்தில் எழுதித் தந்த
நகைக்கடைச் சிட்டைதான் கையிலிருந்தது.
பவுண்: 13½.
கூலி: இல்லை.
சேதாரம் என்ற இடத்தில்
ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

அப்படியே ஊசி குத்தி வைத்தேன்.