எட்டாவது பல்

எனக்கு மூன்றாவது பல்.
பாத்ரிக்குப் பதிமூன்றாவது.
இருக்கைக்கு அடியில் ஓடும் இரும்புச் சட்டத்தில்
டக் டக்கென்று முன்னும் பின்னும்,
நானும் அவனும் பேசிக்கொண்டது
இரண்டு வருடத்தில் அவ்வளவுதான்.

பகல் எனக்கு. இரவு அவனுக்கு.
கார் கோச்சாவுக்கு.
அமெரிக்காவில் எங்கோ அடிபட்டு
ஏலத்தில் போய், கப்பலேறி
போத்தி துறைமுகத்தில் இறங்கிய வெள்ளைக் கார்.
இடது கதவு மட்டும் வேறொரு வெள்ளை.

காலை ஆறரைக்கு
சபுர்தாலோ பெட்ரோல் பங்கில்
காசாளர் பெண்ணிடம் சாவி இருக்கும்.
கதவைத் திறந்தால்
அவ்வளவு பின்னால், அவ்வளவு சாய்ந்து
ஒரு நெட்டை மனிதன் இல்லாதது
கால்நீட்டிப் படுத்திருக்கும்.
கண்ணாடியில் சாலை தெரியாது,
கூரைத் துணியில் ஒரு சிகரெட் பொத்தல் தெரியும்.
பத்துப் பல் முன்னால் இழுப்பேன்.
சாயங்காலம் அவன் பத்துப் பல் பின்னால் தள்ளுவான்,
என்னைத் திட்டிக்கொண்டேதான் தள்ளியிருப்பான்.
நான் திட்டாத நாளில்லை.

மார்ச் மாதம், பனி கரைந்து தெருவெல்லாம் சேறு,
நெம்புகோல் கையோடு வந்துவிட்டது.
இருக்கை நின்ற இடம் எட்டு.

எட்டாவது பல்லில் எட்டாத கால்.
பிரேக்கைக் கட்டைவிரலால் கெஞ்ச வேண்டும்.
வேரா சரிவில் இறங்கும்போதெல்லாம்
இடுப்புக்குக் கீழே ஒரு நரம்பு
யாரோ இழுத்துக் கட்டிய துணிக்கொடி மாதிரி.

"நடுவில்தானே நிற்கிறது, ம்ஸெவினார்?
ரெண்டு பேருக்கும் நியாயம்," என்றான் கோச்சா.
நியாயத்தின் மேல்
பத்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள்
வந்து பேசட்டும்.

துண்டைச் சுருட்டி வைத்தேன், நழுவியது.
மகளின் நீச்சல் பலகையை வைத்தேன்,
விமான நிலையம் போய்வருவதற்குள்
முதுகெலும்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைக்கலாம் போலிருந்தது.
பின்சீட்டில் ஏறுகிறவர்களெல்லாம் வைத்தியர்கள்:
வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு,
உப்பை வறுத்து ஒத்தடம் கொடு,
தேனீயை விட்டுக் கொட்ட வை.
செல்லோ வாசிக்கும் ஒரு கிழவர் சொன்னார்,
உச்சந்தலையில் நூல் கட்டித் தொங்குவதாக நினைத்துக்கொள் என்று.
நினைத்துக்கொண்டேன்.
சிக்னல் பச்சையானதும்
பின்னாலிருந்தவன் அடித்த ஹார்னில்
அறுந்தது.

கடைசியில் சோஃபாவின் மெத்தை.
கடுகு நிறம், மூலையில் காப்பிக் கறை.
முதுகுக்குப் பின்னால் நிறுத்தினால்
கால் எட்டியது. வலி போகவில்லை,
கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது.
மாலையில் அதைப் பின்சீட்டில் எறிந்துவிட்டுப் போவேன்.
காலையில் எறிந்த இடத்திலேயே கிடக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள்
அது முன்னால் இருந்தது,
என் முதுகு வரும் இடத்தில், நிமிர்ந்து.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் நான் அழுத்திய பள்ளம்.
மறுபக்கம் விளிம்போரமாக
நீளமாய் இரண்டு பள்ளம், வேறு யாருடையதோ.
அவ்வளவு நீளத் தொடையை
எட்டாவது பல்லில் மடக்கினால்
முட்டி ஸ்டியரிங்கில் இடித்து,
அடியில் தாங்க ஒன்றுமில்லாமல்...
எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அன்று மாலை மெத்தையைப் பின்னால் எறியவில்லை.
தொடை வரும் இடத்தில் படுக்க வைத்தேன்.
மறுநாள் காலை நிமிர்ந்திருந்தது.
சீட்டு எழுதி வைக்கவில்லை, அவனும் இல்லை, நானும் இல்லை.
கூரைப் பொத்தலை மட்டும்
யாரோ வெள்ளை டேப்பால் ஒட்டியிருந்தார்கள்.

நேற்று பங்கைத் தாண்டி
பஸ் நிறுத்தம் நோக்கி ஒரு நெட்டையன் போனான்.
இடுப்பில் கை. வலது பக்கம்.
நானும் வலது பக்கம்தான் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.
கூப்பிடவில்லை. வேறு யாராகவும் இருக்கலாம்,
இந்த ஊரில் நெட்டையர்களுக்கா பஞ்சம்.

புது நெம்புகோல் வந்துவிட்டதாம்,
பாதிப் பணம் நான், பாதி அவன் என்கிறான் கோச்சா.
இன்னும் பதில் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மெத்தை உறையைத் துவைத்தேன்.
திங்கள் காலைவரை காயவில்லை.
ஈரத்தோடு மாட்டி எடுத்துப் போனேன்,
ஹீட்டரைப் போட்டு
அவனுக்குள் காய்ந்துவிடும் என்று.