இலையடிச் செதில்

தக்கலை குடோனில் காலை ஒன்பதுக்கு
மூன்று கட்டு இறங்கியது.
சீட்டில் மூன்றும் குறுந்தோட்டி.
சணலை அவிழ்த்ததும்
முப்பந்தல் மணல் கொஞ்சம்
என் பதிவேட்டின் மேல் சிந்தியது.

பூவைக் கேட்டுப் பயனில்லை.
காய்ந்தபின் எல்லாம் ஒரே பழுப்பு.
உயிரோடு நின்றபோதும் அப்படித்தான்:
ஐந்து இதழ், ஒருபக்கம் சாய்ந்த மஞ்சள்,
வெயில் ஏறியபின் திறந்து
பள்ளிக்கூடம் விடுமுன் சாத்திக்கொள்ளும் கடை.

அதனால் இலைக்காம்பின் அடியில் பார்க்கிறேன்,
லென்சைக் கண்ணோடு ஒட்டி.
அங்கே ஒரு சோடிச் செதில்.
இரண்டும் நூலாய் நின்றால் குறுந்தோட்டி.
ஒன்று நூல், மற்றது
நரம்போடிய சின்ன ஈட்டி என்றால்
மலைதாங்கி.

அதையே அரிவாள்மனைப்பூண்டு என்பார்கள்
வடசேரிக் கடையில்.
தோவாளையில் அரிவாள்மனைப்பூண்டு கேட்டால்
வேறொன்றைத் தருவார்கள்.
குலசேகரத்தில் மலைதாங்கி கேட்டால்
வேலியில் படர்ந்த கொடியைக் காட்டுவார்கள்.
ஒரு மலையை
இத்தனை பேர் தாங்குகிறார்கள்.

செதில் உதிர்ந்திருந்தால் காயை நசுக்க வேண்டும்.
உள்ளங்கையில் ஆரஞ்சுச் சுளை மாதிரி பிரியும்.
ஐந்து, ஆறு என்றால் ஒருத்தி.
ஒன்பது, பத்து என்றால் மற்றவள்.
தும்மல் வந்தால் முதலிலிருந்து.

முதல் கட்டு சரி.
இரண்டாவதில் பாதி மலைதாங்கி.
மூன்றாவது முழுக்க.
சிவப்பு மையில் எழுதினேன்: திருப்பவும்.

மதியம் ஜெபக்கனி வந்தாள்,
வலது முட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு
படி ஏறினாள்.
தராசடியில் ஏசுபாலன் கேட்டான்,
"குறுந்தோட்டிக்கும் வாதமா?"
அவள் சிரிக்கவில்லை.
லென்சை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்குத் தெரியாதா பிள்ளே?
பிடுங்கும்பமே கைக்குத் தெரியும்.
ஒண்ணு சொன்னா கேக்கும், கூடவே வரும்.
மத்தது மண்ணைப் பிடிச்சிட்டு நிக்கும்,
நம்மள குண்டியடிச்சு இருத்திட்டுத்தான் வரும்.
நல்லதெல்லாம் இப்ப
காத்தாடிக் கம்பெனிக்க வேலிக்கு உள்ள.
வெளிய கெடக்கது இதுதான்.
ரெண்டுக்கும் நீங்க குடுக்கது ஒரே ரேட்டு.
ரெண்டும் வேற வேறன்னா
ரேட்டையும் வேற வேற எழுதணும்லா?"

தராசு முள் ஆடிக்கொண்டிருந்தது.
அதில் ஒன்றும் இல்லை.

எண்ணிக்கொண்டிருந்தபோது
தனியே எடுத்து வைத்த ஒரு தண்டு இருந்தது.
செதிலில் ஈட்டி, காயில் ஒன்பது சுளை.
இலையின் கீழ்ப்பாதி
குறுந்தோட்டி போலப் பல்லில்லாமல்.
என்னிடமிருந்த விளக்கப் புத்தகம்
இதற்கு முந்தின பக்கத்தோடு முடிந்துவிட்டது.

அவளிடம் கொடுத்தேன்.
பட்டையை நகத்தால் கீறினாள்.
நாரை இழுத்துப் பார்த்தாள்.
ஏசுபாலனுக்குக் கேட்காத குரலில்,
"இது தொடுப்புல உள்ளது" என்றாள்.
அப்போதுதான் சிரித்தாள்.

பதிவேட்டில் இரண்டே பத்தி.
நடுவே அச்சடித்த கோடு.
தண்டைக் கோட்டின் மேலேயே வைத்து மூடினேன்.
அந்த ஏடு இன்றும் சரியாக மூடுவதில்லை.

திருப்பிய கட்டைத் தலைமேல் ஏற்றிவிட்டேன்.
"சும்மாவா போகும்? துடைப்பம் கெட்டுவேன்.
ஒண்ணுக்கு நாப்பது ரூவா.
உங்க தைலத்துக்கு அரைபடுறதவிட
அது மானமாத்தான் இருக்கும்"
என்று படி இறங்கினாள்,
இடது கால் முதலில், வலது கால் பிறகு.

அடுத்த திங்கள்
ஏசுபாலன் குடோனைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.
புதுத் துடைப்பம். எங்கே வாங்கினான் என்று கேட்கவில்லை.
அவன் டீ குடிக்கப் போனதும்
சுவரோரம் குந்தி
ஒரு கணுவை லென்சுக்குள் கொண்டுவந்தேன்.

ஒன்று நூல்.
மற்றது உதிர்ந்திருந்தது.