சான்றுப் படம்

ரூவியில், பதினோரு மாடிக் கூரைமேல்,
ஏசி பெட்டிகள் துப்பும் வெக்கைக்கு நடுவே
காலை ஐந்தே முக்காலுக்குச் சோளம் வைக்கிறேன்.
மருந்து ஏறிய சோளம்.
தின்னும், பறக்கும், கூடும்.
முட்டை மட்டும் பொரியாது.

போன வருடம் வரை விஷம்.
சாக்கை எடைபோட்டுத்தான் பில்,
கிலோவுக்கு இத்தனை பைசா என்று.

"இதுவும் விஷம்தானே?"
லிஃப்டில் மறித்தார் நாலாம் மாடி பல்கீஸ்.
அரபியில் பாதி, இந்தியில் பாதி,
மீதியைக் கையால் சொன்னேன்.
நம்பவில்லை. மறுநாள் கூரைக்கே வந்து
ஒரு மணி நேரம் நின்றார்.
எதுவும் விழவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு புறா
இருபத்தொரு நாள் அடைகாத்துவிட்டு
எழுந்து போனது.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த காலாண்டுப் பணத்துக்கு
நிதி தருபவர்கள் படம் கேட்கிறார்களாம்.
விஷக் காலத்தில் படம் சுலபம்.
சாகாத புறாவை, பிறக்காத குஞ்சை
எந்தப் பக்கம் நின்று எடுப்பது, சார்?

வெறும் கூரையை அனுப்பியிருக்கிறேன்.
ஓரத்தில் பல்கீஸின் செருப்பு விழுந்துவிட்டது,
மன்னிக்கவும்.
இன்றைக்கும் கேள்வியோடுதான் வந்திருந்தார்.

சோளம் வியாழன் வரைதான் வரும்.