இருப்புப் பதிவேடு, பக்கம் 212

நூற்பாலைக் கிடங்கில் இருந்தவரை
நான் எழுதிய அளவு கண்டி.
ஒரு கண்டி, முந்நூற்றைம்பத்தாறு கிலோ.
பீளமேட்டு ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம்
பத்து மைக்ரோகிராம் என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதிவிட்டுப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒன்றுமில்லை.

"காலிங்களா சார்?" என்றான் கூரியர் சிபி.
ஐஸ் பொதி அவன் சட்டையை நனைத்திருந்தது.
தன் பங்குக்கு அவனும் குலுக்கப் போக
பர்ஹானா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.
"குலுக்கக் கூடாதுங்க."
முதலில் சுழற்ற வேண்டுமாம்,
மூடியில் ஒட்டியிருப்பது அடிக்கு இறங்க.

பொருள்: மனித மேல்தோல் வளர்ச்சிக் காரணி.
செய்தது: பாக்டீரியா.
இரண்டு வரிக்கும் நடுவில் பேனா நின்றது.
மனிதனின் மரபணுவில் ஒரு துண்டை
கிருமிக்குள் கோத்துவிட்டால்
அது வாசித்துச் செய்துவிடும் என்றாள்.
"அதுக்குப் புரியுமா?"
"புரியாதுங்க. செய்யும்."

ஐம்பத்து மூன்று மணி கோத்த சரம்.
தோல் செல்லின் வாசலில் போய் ஒட்டி
நின்ற இடத்திலிருந்தே சேதி சொல்லும்:
பெருகு.
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.
சீட்டின் அடியில் சிவப்பு எழுத்து:
ஆய்வுக்கு மட்டும். மனிதர்க்குப் பயன்படுத்தக் கூடாது.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
அப்படியே எழுதி வைத்தேன்.

கரைத்து, பத்துக் குழாயாகப் பிரித்தாள்.
உருக்கி உறையவைத்து மறுபடி உருக்கினால்
சேதி மழுங்கிப்போகும்.
ஒரு தடவைக்கு ஒரு குழாய்.

ஆடி இரண்டாம் சனிக்கிழமை
பராமரிப்பு என்று ஒன்பதுக்கே கரண்டை நிறுத்தினார்கள்.
ஐந்துக்கு வர வேண்டியது ஏழாகியும் வரவில்லை.
கணவாய்க் காற்று எங்கேயோ கம்பத்தைச் சாய்த்துவிட்டதாம்.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி அடங்கியது.
உறைபெட்டியில் மைனஸ் ஒன்பது,
எட்டு.

பல்லடம் ரோட்டில் நாட்ராயன் எனக்கு மச்சான் முறை.
குஞ்சு பொரிப்பகம், தடுப்பூசிக்கென்று தனி உறைபெட்டி,
அதற்கென்று தனி ஜெனரேட்டர்.
பர்ஹானா ஸ்கூட்டரை ஓட்ட
தெர்மாகோல் பெட்டியை அணைத்தபடி நான் பின்னால்.
எதிர்க்காற்றில் வண்டி ஊர்ந்தது.
சூலூர் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.

நாட்ராயன் மூடியைத் திறந்தான்.
"ஏனுங் மாப்ள, ஒரு சொட்டுத் தண்ணிக்கா இத்தன தூரம்?"
விலையைச் சொன்னேன்.
பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வெள்ளைக்கழிச்சல் மருந்துக்கு மேல்தட்டில்
அந்த இரவு அது தங்கியது.
சுவருக்கு அந்தப் பக்கம்
முப்பத்தேழரை டிகிரிச் சூட்டில்
நாற்பதாயிரம் முட்டை.
அவற்றுக்குள்ளும் இதே மாதிரி ஒன்று
இந்நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் என்றாள் பர்ஹானா.
யார் பதிவேட்டிலும் ஏறாமல்.

புதன்கிழமை இருட்டறைக்குக் கூப்பிட்டாள்.
யாருடையதென்று தெரியாத தோல் செல்கள்,
ஐந்து நிமிடம், ஒரு குழாய்.
பிலிமில் இடப்பக்கம் வெறுமை:
அது சேதி சொல்லப்படாத செல்.
வலப்பக்கம் மெல்ல மெல்ல
பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு சாம்பல் கோடு.
"கேட்டிருக்குதுங்க," என்றாள்.
குரல் கொஞ்சம் உடைந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை.
பக்கம் 212இல்
செலவு ஒன்று, இருப்பு ஒன்பது.

தையில் இருப்பு பூஜ்யம்.
பங்குனியில் தணிக்கைக்கு வந்தவர்
விலையை விரலால் தொட்டு,
"பொருளைக் காட்டுங்க," என்றார்.
பத்திரப்படுத்தியிருந்த புட்டியை நீட்டினேன்.
"காலியா இருக்கே?"
"வந்த அன்னைக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு."
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
குலுக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இனிக் குலுக்கலாமுங்க," என்றேன்.