விளக்கின் வயது

மிலோராட் மூன்று கிழமைக்கென்று தந்துவிட்டுப் போனான்.
ஏழு மாதமாயிற்று.
ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு பெட்டி சில்வண்டு, ஒரு பச்சோந்தி.
பெயர் மினிஸ்டர்,
இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்ப்பதால்.

நவம்பர். ஆறு நாளாக ஓல்ட்டன் நகரின் மேல்
புகார் மூடி போட்டிருந்தது.
காலை பத்து மணிக்கு மினிஸ்டர் கண்ணை மூடியிருக்க
நித்திரை என்று நினைத்தேன்.
நல்ல பச்சோந்தி பகலில் கண் மூடாதென்று
அப்போது தெரியாது.

பிறகு நாக்கு.
ஒரு முழம் பாய்கிற நாக்கு
உதட்டு விளிம்புவரை வந்து நின்றுவிட்டது,
பெயர் மறந்துபோனவன் வாயைப்போல.
எதிரே நின்ற சில்வண்டு
மீசையைத் துடைத்துக்கொண்டது.

தீனியைக் கூட்டினேன்.
கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன்.
இரவு குளிருமென்று சிவப்பு விளக்கை எரியவிட்டேன்.
நிறம் மங்கியதும், கோபமாக்கும் என்று
மன்னிப்பும் கேட்டேன், தமிழில்.

கால்நடை வைத்தியர் சூர்ஃப்ளூ அம்மையார்
அதை இரண்டு நிமிடம் பார்த்தார்.
வளைந்த முன்காலைத் தடவினார்.
எச்சத்தில் வெள்ளையாக இருக்கவேண்டியது
செம்மஞ்சளாக இருக்கிறது, தாகம், என்றார்.
பிறகு என்னிடம்:
கூட்டின் படம் இருக்கிறதா?

கொடுத்தேன்.
நோயாளி மேசையில் இருக்க
அவர் அறையைப் பரிசோதித்தார்,
இரண்டு விரலால் விரித்து, இன்னும் விரித்து.
இந்த விளக்கு எப்போது வாங்கியது?
தெரியாது. ஆனால் நன்றாகத்தானே எரிகிறது.
"எரிகிறது," என்றார், "உங்கள் கண்ணுக்கு."
எலும்புக்கு வேண்டிய கதிர் எப்போதோ செத்திருக்கும்;
மிஞ்சியிருந்தாலும் கண்ணாடி மூடி தடுத்திருக்கும்.

மருந்து ஒரு வரி எழுதினார்.
வீட்டுவேலை இரண்டு பக்கம்.

எனக்கு வெட்கமாக இருந்தது.
பதினோரு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவையில் நிற்கிறேன்.
ஆளைக் காணாமலே, விரிப்பை உதறும்போதே
இவர் இரவு முழுக்கப் புரண்டவர்,
இவருக்குக் காய்ச்சல் விட்டது
என்று சொல்லிவிடுவேன்.
வீட்டில் மட்டும் விரிப்பைப் பார்க்கவில்லை.

வலைக்கூடு வாங்கினேன். புது விளக்கின் நெற்றியில்
ஒட்டுத்தாள் ஒட்டித் தேதி எழுதினேன்.
சில்வண்டுக்கு முதலில் கீரை,
பிறகு அதன்மேல் கல்சியம் தூள்,
திருநீறு பூசிய குட்டிச் சாமியார்களாக அவை ஓடும்.
கிண்ணத்தை எடுத்துவிட்டேன். நிற்கிற நீரை
அது நீரென்றே அறியாதாம்.
மணிப்பிளாண்ட் இலையில் துளி நடுங்கவேண்டும், வழியவேண்டும்.
இரவு குளிரட்டும், இருளட்டும்.
கூட்டைத் தரையிலிருந்து அலுமாரிக்கு மேலே ஏற்றினேன்:
மேலிருந்து குனிகிற முகம் அதற்குப் பருந்து.
இவ்வளவு நாளும் தினமும் இருமுறை
பருந்தாகப் போய் நலம் விசாரித்திருக்கிறேன்.

பூப்பந்துக்கு வருகிற அருட்செல்வன் சிரித்தான்,
இடத்துக்கேற்ற நிறம், உன்னைப்போல.
இல்லையடா. சுவருக்காக அது மாறுவதில்லை.
குளிருக்குக் கறுக்கும். சூட்டுக்கு வெளிறும்.
பயத்துக்கு வரி கட்டும்.
எல்லாம் உள்ளே நடப்பது.

டிசம்பரில் என் இரத்தத்தைப் பார்த்த டொக்டர்
எனக்கும் விற்றமின் டி எழுதினார்.
குசினித் தட்டில் இரண்டு குப்பி, பக்கம் பக்கமாக.
இதுவரை மாற்றிக் குடிக்கவில்லை.
என் அறை விளக்கின் வயதை மட்டும்
யாரும் கேட்கவில்லை.

பெப்ரவரியில் ஒரு காலை
சத்தம் கேட்டுத் திரும்பினேன்,
ஈரமான ஒரு சொடுக்கு.
இலையில் சில்வண்டு இல்லை.
அரை முழம் பாய்ந்திருக்கும், அதற்கு மேலில்லை.
கால் நிமிரவில்லை. நிமிராது என்று
அம்மையார் முதலே சொன்னவர்.

அன்று மிலோராட் எழுதியிருந்தான்: எப்படி இருக்கிறான்?
கூட்டைப் படமெடுத்து அனுப்பினேன்,
விளக்குத் தேதியும் தெரிகிற மாதிரி.

எங்கே அவன், என்று கேட்டிருக்கிறான்.