எலிகளுக்குக் கேட்டது

ஆர்ஜென்ட் தெருவும் சல்ஃபைடு தெருவும்
முட்டிக்கொள்ளும் முனையில் என் மருந்துக்கடை.
அடுத்தது குளோரைடு, அதற்கடுத்தது ஆக்சைடு.
ப்ரோக்கன் ஹில்லில் முகவரி சொல்ல
வேதியியலில் தேறியிருக்க வேண்டும்.

கெர்ரி ட்ரெலோர் பேருந்து ஓட்டுபவள்.
சீருடையோடு வந்தாள், இடுப்பில் பிள்ளை,
கையில் என் அலமாரியிலிருந்தே எடுத்த
மஞ்சள் மாத்திரைப் புட்டி.
பிள்ளையின் பெயர் ஜாஸ்பர். அதுவும் ஒரு கல்தான்.
இரண்டு வயது. விரல்நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது.
"பதினொன்று" என்றாள்.
இந்த ஊரில் அந்த எண்ணுக்கு
அலகு சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

"உங்கள் ஆட்கள் தினமும் சாப்பிடுவதுதானே.
மூளையை ஈயத்திடமிருந்து காக்குமாமே?"

என் ஆட்கள்.
பருப்பு வேகும்போது ஒரு சிட்டிகை போடுவோம்,
சட்டையில் பட்டால் திட்டுவோம்.
மூளையைப் பற்றி அடுப்படியில் யாரும் பேசியதில்லை.

எலிகளுக்குக் கேட்டது, என்றேன்.
ஈயம் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள்,
பாதி எலிகளுக்கு மஞ்சளின் சாரமும் சேர்த்து.
பிறகு பால்போல் கலங்கிய தொட்டியில் விட்டார்கள்.
அடியில் எங்கோ ஒரு மேடை, கண்ணுக்குத் தெரியாது.
சாரம் தின்றவை நேற்று ஏறிய இடத்தை நினைவுவைத்து
நேரே நீந்திப்போய் ஏறி நின்றன.
மற்றவை சுற்றின.
சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் பிள்ளையின் தலையைப் பார்த்தாள்.
அந்தச் சுவரை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

பூண்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டு,
வெங்காயத்துக்கும், பச்சைத் தேயிலைக்கும்.
எல்லாக் கதையிலும் எலிகள்.
எலிக் கணக்கில் இவனுக்கு ஊட்டுவதென்றால்
கிண்ணம் கிண்ணமாகப் போகும்.
குடல் அதில் துளியைத்தான் உள்ளே விடும்.

இன்னொன்றும் உண்டு.
சில இடங்களில் மஞ்சளுக்கு நிறமேற்றக்
கலப்பதே ஈயம்தான். வேலி பயிரை மேய்கிற கதை.
என் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி
அடிலெய்டுக்குச் சோதனைக்குப் போய் மூன்று வாரம்.
பதில் வரவில்லை. நேற்றும் ரசம் வைத்தேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

சொன்னது இவ்வளவு:
தரையை ஈரத்துணியால் துடை, பெருக்காதே.
செருப்பு வாசலோடு நிற்கட்டும்.
சாப்பிடும் முன் கை கழுவு, அவன் பொம்மைகளையும்.
வெறும் வயிற்றில் விளையாட விடாதே.
மூன்று மாதத்தில் மறுபடி குத்துவார்கள், தவறாமல் போ.

"துணியா?" என்றாள்.
முப்பத்திரண்டு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்
அவள் பையிலேயே போயிற்று.
புட்டியைத் திரும்ப அடுக்கினேன்,
பெயர்ச்சீட்டு முன்பக்கம் தெரியும்படி.
கைப்பழக்கம்.
வேறு யாராவது வாங்குவார்கள்.

கடை அடைத்து ஊர் விளிம்புவரை நடந்தேன்.
மேற்கிலிருந்து காற்று.
முதுகுக்குப் பின்னால், ஊருக்கு நடுவே,
சுரங்கம் கக்கிய கறுப்பு மேடு.
கம்பிவேலிக்கு அப்பால் உப்புப்புதர்கள்,
முழங்கால் உயரம், சாம்பல் இலை,
பூவென்று சொல்ல ஒன்றுமில்லை.
மணல் எழுந்து வீடுகளை மூடிய காலத்தில்
ஆடும் முயலும் மேயாமல் வளைத்துக் கட்டி
வளரவிட்டார்களாம்.
ஒவ்வொரு தூரிலும் செந்தூசி ஒரு குவியல்.
பறந்து வந்தது, இடித்தது, உட்கார்ந்துவிட்டது.
யாரும் இதைப் பிழிந்து புட்டியில் அடைக்கவில்லை.
அந்தக் குவியலில் எத்தனை மைக்ரோகிராம்
எந்தப் பிள்ளையிடம் போகாமல் நின்றதென்று
எந்த எலியும் நீந்திக் காட்டியதில்லை.

ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
உப்பு.

அப்புறம்தான் உறைத்தது,
விரலை வாயில் வைக்காதே என்று
காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னேன்.